உழக்கிலிருந்து தராசுக்கு: ஒரு தொதலின் கணக்கு

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்ப் பால் சேர்த்துச் செய்யும் தொதல் என்ற இனிப்பைக் கிண்டுவதில் என் உம்மா எங்கள் தெருவில் பேர் எடுத்தவர். அவர் மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. அவருடைய கணக்கெல்லாம் ஒரு பித்தளை உழக்கில்தான்: பச்சரிசி மாவு 2 உழக்கு, தட்டிய கருப்பட்டி 3 உழக்கு, தேங்காய்ப் பால் 8 உழக்கு, நெய் அரை உழக்கு. இப்போது நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து வெளியாருக்குச் செய்து கொடுக்கிறோம். நான்கு வீட்டில் நான்கு விதப் பாத்திரம் இருப்பதால், எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தோம். ஓர் உழக்கு 336 மில்லி என்று கைப்பேசியில் பார்த்து, மாவு 672 கிராம், கருப்பட்டி 1008 கிராம் என்று கணக்குப் போட்டு, புதிதாக வாங்கிய தராசில் நிறுத்தே போட்டோம். தொதல் பாதி நேரத்திலேயே இறுகிவிட்டது. எண்ணெய் பிரியவே இல்லை. இனிப்பும் சற்று மட்டாக இருந்தது. நிறுத்துப் போட்டும் ஏன் இப்படி ஆயிற்று? வட்டலப்பம் என்ற முட்டை இனிப்புக்கு, முட்டை அளந்த கிண்ணத்திலேயே சீனியும் தேங்காய்ப் பாலும் அளக்கிறோம். அதையும் கிராமுக்கு மாற்றலாமா? உம்மாவின் உழக்கை இனி எடுத்து வைத்துவிட வேண்டியதுதானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தராசின் மீது குற்றமில்லை. அது சொன்ன எடை சரியான எடைதான். தவறு அதற்கு முன்பே, 336 மில்லி என்பதை 336 கிராம் என்று எழுதிக்கொண்ட அந்த ஒரு வரியில் நடந்துவிட்டது. மில்லி என்பது பாத்திரத்துக்குள் இருக்கும் இடம். கிராம் என்பது அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த பொருளின் எடை. இவ்விரண்டும் ஒரே எண்ணாக வருவது தண்ணீருக்கு மட்டும்தான். பாலுக்கும் தேங்காய்ப் பாலுக்கும் ஏறத்தாழ வரும். மாவுக்கும் தட்டிய கருப்பட்டிக்கும் அது பொருந்தவே பொருந்தாது.

என் வீட்டு உழக்கு 335 கிராம் தண்ணீர் பிடிக்கிறது. அதாவது, நீங்கள் கைப்பேசியில் பார்த்த அளவுக்கு மிக அருகில் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று மாலையில், மெஷினில் அரைத்துச் சலித்த பச்சரிசி மாவை அதே உழக்கில் ஐந்து முறை கோரி, தலை தட்டி, ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்த்தேன். 183, 196, 188, 201, 187 என்று வந்தது. சராசரி 191 கிராம். தட்டிய கருப்பட்டி இதே போல் 215 கிராம் வந்தது. இந்த எண்களை உங்கள் உம்மாவின் அளவில் பொருத்திப் பாருங்கள். அவர் போட்டிருக்கக்கூடிய மாவு சுமார் 382 கிராம். நீங்கள் போட்டது 672. அவருடைய கருப்பட்டி சுமார் 645 கிராம், உங்களுடையது 1008. பால் மட்டும், அது பால் என்பதால், எந்த வழியில் கணக்கிட்டாலும் 2,700 கிராமை ஒட்டியே நின்றுவிட்டது. உம்மாவின் சட்டியில் ஒரு பங்கு மாவுக்கு ஏழு பங்கு பால் இருந்தது. உங்கள் சட்டியில் நான்கு பங்குதான் இருந்தது. மாவு தன் பங்குக்கு நீரை இழுத்துக்கொண்டு சீக்கிரமே வெந்து இறுகிவிட்டது; தேங்காய்ப் பாலின் எண்ணெய் பிரிந்து வர வேண்டுமானால் அதிலுள்ள நீர் நிதானமாக வற்ற வேண்டும், அதற்குள் துடுப்பே நகர மறுத்துவிட்டது. மாவு ஒன்றே முக்கால் மடங்காகவும் கருப்பட்டி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகவும் ஏறியதால், மாவோடு ஒப்பிட இனிப்பு குறைந்துபோனது. நீங்கள் எழுதிய மூன்று குறைகளும் இந்த ஒரே தவற்றிலிருந்து வந்தவை என்பதால், கைப்பக்குவம் போய்விட்டது என்று மனம் தளர வேண்டாம்.

அந்த ஐந்து எடைகளை இன்னொரு முறை கவனியுங்கள். ஒரே கை, ஒரே உழக்கு, ஒரே டப்பா மாவு. ஆனாலும் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் 18 கிராம் வித்தியாசம், அதாவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதே மாலையில் முழுப் பச்சரிசியையும் அளந்தேன்: 268, 271, 267 என்று மூன்று முறையும் அருகருகே வந்தது. அரிசி மணி அமுங்காது. தனக்கான இடத்தில் உருண்டு உட்கார்ந்துகொள்ளும். மாவு அப்படியல்ல. சலித்தவுடன் அது காற்றோடு சேர்ந்து பூப்போல உப்பி நிற்கும். டப்பாவில் இரண்டு நாள் இருந்தால் தன் பாரத்திலேயே படியும். உழக்கைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் விரற்கடை இறங்கும், அந்த இடத்தில் இன்னும் ஒரு கை மாவு போகும். ஆகவே மாவைப் பொறுத்தவரை உழக்கு அளப்பது பாதி மாவையும் பாதி அள்ளுகிறவரின் கையையும் என்றுதான் சொல்ல வேண்டும். கொள்ளளவிலிருந்து எடைக்கு மாற்றும் எந்த அட்டவணையும் இந்தக் கையை அறியாது. மைதாவுக்கு ஒரு கப் 120 கிராம் என்று ஒருவரும் 150 கிராம் என்று இன்னொருவரும் அச்சிடுவதற்குக் காரணம் இதுதான். ஒருவர் கரண்டியால் மெதுவாக நிரப்பியிருப்பார், மற்றவர் கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளியிருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

அந்தக் ‘கப்’ என்பதுகூட ஒரே அளவல்ல. அமெரிக்கக் குறிப்புகளில் அது சுமார் 237 மில்லி, வேறு பல இடங்களில் 250 மில்லி, மின்சார அரிசிக் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லி. மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லி என்றாலும் ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. நம்முடைய படிக்கணக்கும் இதற்குச் சளைத்ததல்ல. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி என்ற வாய்பாடு எல்லா ஊருக்கும் பொது. ஆனால் படியின் அளவு ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்து, கடைத்தெருவில் லிட்டரும் கிலோவும் நிலைத்த பிறகும், அடுப்படியில் பழைய உழக்குகள் அப்படியே தங்கிவிட்டன. கைப்பேசி சொன்ன 336 மில்லி புத்தகத்து உழக்கின் அளவு. உங்கள் உம்மாவின் உழக்கு எந்த ஊர்ப் படியின் கால் பங்கு என்பதை அது எப்படி அறியும்? அடி நசுங்கி, ஒருமுறை பற்றவைக்கப்பட்டு, விளிம்பு தேய்ந்திருந்தால் கணக்கு இன்னும் மாறும்.

எனவே முதல் வேலையாக அந்த உழக்கையே அளந்துவிடுங்கள். ஈரமில்லாத உழக்கைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கும் ‘டேர்’ பொத்தானை அழுத்தி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். கடைசி இரண்டு கரண்டியைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால்தான் தண்ணீர் மேலே குமிழாமல் மட்டமாக நிற்கும். தராசு காட்டும் கிராமே உங்கள் உழக்கின் மில்லி. நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரின் எடை ஆயிரத்துக்கு நான்கைந்து பங்கு குறையும் என்பது உண்மைதான். தொதலுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

அடுத்ததாக, உம்மா அளந்த விதத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அவர் மாவைத் தலை தட்டினாரா, கோபுரமாக விட்டாரா? உழக்கைக் குலுக்கினாரா? சலித்த உடனே அளந்தாரா, அளந்த பிறகு சலித்தாரா? உங்கள் நால்வரில் அவரோடு அடுப்படியில் அதிகம் நின்றவர் யாரோ, அவருடைய கையால் அளக்கச் செய்யுங்கள். அவர் ஐந்து முறை அளக்கட்டும், நீங்கள் ஐந்து முறையும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். சராசரியை எடுத்து, அந்த அளவில் ஒருமுறை தொதல் கிண்டி, சரியாக வந்தால் அதுவே உங்கள் கிராம். கைப்பேசியின் அட்டவணையும் நான் மேலே எழுதியிருக்கும் 191-உம் இந்த எண்ணுக்கு ஈடாகா. என் எண் உங்களுக்கு ஒரு சரிபார்ப்பு மட்டுமே. உங்களுடையது 170-க்கும் 220-க்கும் இடையில் வந்தால் வியப்படைய வேண்டாம். 300-ஐத் தாண்டினால் எங்கோ தவறியிருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள்.

மாவைப் பற்றி இன்னொரு கேள்வியை நானே உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. உம்மாவின் மாவு மெஷினில் அரைத்த காய்ந்த மாவா, அரிசியை ஊறவைத்து வடித்து இடித்த ஈர மாவா? ஊறிய அரிசியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான் இருக்கும். அதனால் 382 கிராம் ஈர மாவும் 382 கிராம் காய்ந்த மாவும் சட்டியில் ஒரே வேலையைச் செய்யமாட்டா. ஈர மாவென்றால், மாவை நிறுப்பதை விட்டுவிட்டு, ஊறவைக்கும் முன் அரிசியை நிறுப்பதே நல்லது. அன்று எவ்வளவு நேரம் ஊறியது, எவ்வளவு வடிந்தது, கடல் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தது என்ற எதுவும் காய்ந்த அரிசியின் எடையைப் பெரிதாகத் தொடாது.

கருப்பட்டியை உழக்கில் அளப்பதை இன்றோடு விட்டுவிடச் சொல்வேன். தட்டும்போது கட்டி பெரிதாக விழுந்தால் இடையிடையே இடைவெளி அதிகமாகும். பொடியாக விழுந்தால் நெருங்கி அடையும். இரண்டுக்கும் உழக்கு ஒன்றே. சாயல்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த கருப்பட்டி கையில் பிசுபிசுக்கும், பரணில் கிடந்தது கல்லாக இருக்கும். ஈரப்பதமே இரண்டிலும் வேறு. உம்மாவின் முறையில் தட்டி ஒருமுறை அளந்து எடையைக் குறித்துக்கொண்டு, அதன்பின் எப்போதும் கட்டியாகவே நிறுத்துப் போடுங்கள். பாகு காய்ச்சி வடிகட்டுகிறீர்கள் என்றால், துணியில் தங்கும் மண்ணையும் சிராயையும் உலர்த்தி ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதில் எத்தனை கிராம் சட்டிக்குப் போகவில்லை என்பது தெரியும். வியாபாரமாகச் செய்கிறவருக்கு அது வெறும் சமையல் கணக்கல்ல.

தேங்காய்ப் பாலில் மாற்றம் எளிது, ஒரு மில்லிக்கு ஏறத்தாழ ஒரு கிராம். ஆனால் இந்த எளிமை ஏமாற்றும். 8 உழக்குப் பாலைத் துல்லியமாக 2,688 கிராம் என்று நிறுத்துவிட்டாலும், அதில் தேங்காய் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதைத் தராசு சொல்லாது. முதல் பால், இரண்டாம் பால் என்ற பிரிவுகூட ஒவ்வொருவர் கைக்கும் வேறாகிறது. ‘ஆறு தேங்காய்’ என்று எழுதி வைப்பதோ எல்லாவற்றிலும் மோசம். காய்க்குக் காய் துருவல் எடை அவ்வளவு மாறும். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லும் வழி இது. துருவலை நிறுத்துக்கொள்ளுங்கள், ஊற்றும் வெந்நீரையும் நிறுத்தே ஊற்றுங்கள், பிழிந்த பிறகு சக்கையை நிறுத்துவிடுங்கள். துருவலும் தண்ணீரும் சேர்ந்த எடையிலிருந்து சக்கையின் எடையைக் கழித்தால் கிடைக்க வேண்டிய பாலின் எடை வந்துவிடும். உதாரணத்துக்கு, 1,500 கிராம் துருவலுக்கு இரண்டு பிழியலுமாக 2,000 கிராம் வெந்நீர் ஊற்றி, சக்கை 800 கிராம் நின்றால், பால் 2,700 கிராம். பாத்திரத்தில் 2,600 தான் இருக்கிறதென்றால் துணியிலும் கையிலும் தரையிலும் 100 கிராம் போயிருக்கிறது. நால்வரில் ஒருவருடைய சக்கை மட்டும் எப்போதும் கனமாக இருந்தால், அவர் பிழிதல் போதவில்லை என்று சண்டையில்லாமல் தெரிந்துவிடும். இனி உங்கள் குறிப்பில் ‘பால் 8 உழக்கு’ என்ற வரி போய், துருவல் இத்தனை கிராம், முதல் வெந்நீர் இத்தனை, இரண்டாம் வெந்நீர் இத்தனை என்று மூன்று வரிகள் வர வேண்டும்.

நெய்க்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. உருக்கிய நெய்யும் தேங்காய் எண்ணெயும் ஒரு மில்லிக்கு 0.91, 0.92 கிராம் என்ற அளவில் நிற்கும். அரை உழக்கு நெய் 153 கிராம் வரும். ஏலத்தூள் ஒரு தேக்கரண்டி சுமார் 2 கிராம்.

உப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தொதலுக்கு ஒரு சிட்டிகைதான். ஆனால் நால்வர் கூடி ஒரு தொழில் தொடங்கினால் அடுத்து ஊறுகாய்க்குப் போவது வழக்கம் என்பதால், நான் பட்டதைச் சொல்லிவைக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மாங்காய் ஊறுகாய்க்கு வழக்கமாகப் போடும் கல்லுப்பு தீர்ந்துபோன ஒரு நாளில், அதே உழக்கால் தூளுப்பை அளந்து கொட்டிவிட்டேன். ஒரு ஜாடி ஊறுகாயை வாயில் வைக்க முடியவில்லை. பிறகு நிறுத்துப் பார்த்தபோது கல்லுப்பு உழக்குக்கு 320 கிராமும் தூளுப்பு 405 கிராமும் இருந்தன. நான் என் கையாலேயே கால் பங்கு உப்பைக் கூட்டிப் போட்டிருக்கிறேன். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களிலிருந்து வரும் கல்லுப்பின் மணி அளவு ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் வேறாக இருக்கும். போதாததற்கு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சுத்திகரிக்காத உப்பில் இருக்கும் மெக்னீசியம் உப்புகள் அதற்கும் முன்பே இழுக்கும். கடற்கரையில் குடியிருக்கும் நமக்கு இது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அன்றாடக் காட்சி. ஆகவே உப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் பாத்திரத்தில் அளக்காதீர்கள். நிறுக்கும் முன் அது உலர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வட்டலப்பத்துக்கு வருகிறேன். முட்டையை ஊற்றிய கிண்ணத்திலேயே சீனியையும் பாலையும் அளப்பது மிகவும் கெட்டிக்காரத்தனமான வழி. அங்கே கிண்ணம் எத்தனை மில்லி என்பதே முக்கியமில்லை. மூன்றும் ஒரே கிண்ணம் என்பதுதான் முக்கியம். முட்டை சிறியதாக இருந்தால் சீனியும் பாலும் தாமாகவே குறைந்துவிடும். வீட்டில் செய்யும் வரை அதை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. வெளியாருக்கு அதிக அளவில் செய்யும்போது மட்டும் மாற்றுங்கள். அப்போது ‘சமம்’ என்ற சொல்லை அப்படியே கிராமுக்குக் கொண்டுபோகாதீர்கள். கடையில் கிடைக்கும் முட்டை ஓடு நீக்கியபின் 45 முதல் 50 கிராம் இருக்கும். பத்து முட்டை 480 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது கிண்ணத்தில் பிடிக்கும் இடம் சுமார் 465 மில்லி. அதே அளவுக்குத் தேங்காய்ப் பால் ஊற்றினால் 465 கிராமை ஒட்டி வரும். சீனியோ ஒரு மில்லிக்கு 0.85 கிராம் என்ற கணக்கில் 395 கிராம்தான் வரும். மூன்றும் சமம் என்று நினைத்துச் சீனியையும் 480 கிராம் நிறுத்துவிட்டால் 85 கிராம் கூடுதலாக விழும். இனிப்பு திகட்டுவதோடு நில்லாது, சீனி மிகுந்தால் முட்டை உறைவதும் தாமதப்படும். வேக வேண்டிய நேரத்துக்குப் பின்னும் நடுவில் தளதளவென்று ஆடிக்கொண்டிருக்கும். கருப்பட்டி வட்டலப்பம் என்றால் கருப்பட்டியை முன்பு சொன்னபடி ஒருமுறை அளந்து, நிறுத்து, எழுதிக்கொள்ளுங்கள்.

தராசு வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கிராம் வரை காட்டும் 5 கிலோத் தராசு மாவுக்கும் கருப்பட்டிக்கும் போதும். ஏலத்தூள், உப்பு, சமையல் சோடா போன்றவற்றுக்கு அது போதாது; 5 கிராமை நிறுக்கையில் ஒரு கிராம் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு தவறு. இவற்றுக்கு 0.1 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சன்னலோரம் வைத்தால் கடல் காற்றுக்கே எண்கள் ஆடும். விலை குறைந்த தராசுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டே போனால் சில சமயம் அவை அசைவே காட்டாது. பொருளைத் தனிக் கிண்ணத்தில் போட்டு, முழுதாக ஒரே முறை வைத்து நிறுங்கள். தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எடைக்கல் இல்லையென்றால், கடைக்காரர்கள் வாங்க மறுத்து வீட்டில் தேங்கிப்போன 10 ரூபாய் நாணயங்கள் இங்கே உதவும். ஒன்றின் எடை சுமார் 7.7 கிராம், பத்து நாணயத்தைச் சேர்த்து வைத்தால் 77 கிராம் காட்ட வேண்டும். இது அடுப்படிக்கான சோதனை மட்டுமே. விலைக்கு நிறுத்துக் கொடுக்கும் தராசு எடையளவுத் துறையின் முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். சமையலுக்கு வாங்கிய தராசை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

பொட்டலமாகக் கட்டி விற்பதானால், இந்தக் கிராம் கணக்கு உங்களுக்கு இரட்டிப்புப் பயன் தரும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதன்கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும், தொதல் போன்ற திடப் பொருளுக்கு நிகர எடையைக் கிராமிலோ கிலோவிலோ அச்சிடச் சொல்கின்றன. ‘6 துண்டு’ என்று மட்டும் போட்டால் போதாது, தாளின் எடையும் அதில் சேரக் கூடாது. சேர்மானங்களை எழுதும்போது அளவில் மிகுந்தது முதலில் வர வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. உங்கள் தொதலில் மாவுதான் முதலில் வரும் என்று நினைத்திருப்பீர்கள். நிறுத்த கணக்கின்படி தேங்காய்ப் பால் முதலிலும், கருப்பட்டி அடுத்தும், மாவு அதற்குப் பின்னும், நெய் கடைசியிலும் வருகிறது. உழக்குக் கணக்கிலும் இந்த வரிசை அதுவேதான், ஆனால் எல்லாப் பண்டத்துக்கும் அப்படி அமையும் என்று இருந்துவிடாதீர்கள்.

இறக்கிய தொதலையும் நிறுத்துவிடுங்கள். கொதிக்கும் சட்டியைத் தராசில் தூக்கி வைப்பது ஆபத்து. தாம்பாளங்களின் வெற்று எடையை முன்பே குறித்துக்கொண்டு, கொட்டி ஆறிய பிறகு நிறுத்தால் போதும், வடித்த எண்ணெயைத் தனியாக நிறுங்கள். சேர்மானங்கள் மொத்தம் 3,868 கிராம், இறக்கியது எண்ணெயோடு சேர்த்து 1,900 கிராம் என்று ஒரு நாள் வந்தால், 1,968 கிராம் நீர் ஆவியாகப் போயிருக்கிறது என்று பொருள். அன்றைய தொதல் உம்மாவுடையதைப் போலவே வாய்த்திருந்தால் இந்த 1,900 உங்களுக்கு மிகவும் மதிப்புள்ள எண். ‘எண்ணெய் பிரிந்து, துடுப்பில் ஒட்டாமல் சுருண்டு வரும் பதம்’ என்று உம்மா வாயால் சொன்னதை இதுவரை அருகில் நின்று பார்த்தவர் மட்டுமே அறிய முடிந்தது. அடுத்த வீட்டில் ஒருவர் கிண்டியது 2,100 கிராம் வந்தால் அவர் இன்னும் சற்று நேரம் கிண்டியிருக்க வேண்டும். 1,750 என்றால் தாமதமாக இறக்கியிருக்கிறார். அளவை இரட்டிப்பாக்கும்போது நேரம் இரட்டிப்பாகும் என்று மட்டும் எண்ணாதீர்கள். நீர் ஆவியாவது சட்டியின் வாய் அகலத்தையும் தீயையும் பொறுத்தது; பெரிய கிடாரத்தில் கிண்டும் நாளில் நேரத்தைப் புதிதாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

உழக்கை எடுத்து வைக்க வேண்டாம். மேலே சொன்ன அளவுகளை எடுத்து முடிக்கும் வரை அதைவிட நம்பகமான சாட்சி உங்களுக்கு வேறில்லை. நால்வரில் எவராவது அதை ஈயம் பூசவோ நசுங்கலை நிமிர்த்தவோ கொடுப்பதாக இருந்தால், அளந்து முடித்த பிறகு கொடுக்கட்டும். தண்ணீர் அளந்து கிடைத்த எண்ணை ஒரு சிறு தாளில் எழுதி அதன் உள்ளேயே போட்டுவையுங்கள். அரிசியும் பருப்பும் அமுங்காத பொருள்கள் என்பதால், வீட்டுச் சோற்றுக்கு அது முன்போலவே தவறாமல் அளந்து கொடுக்கும்.